தேத்தண்ணிச் சுற்று

கதவைத் தட்டும் முன்பே வடை வாசனை வந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. தோள்பையில் இருந்த மின் தராசு நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றியிருந்தேன். லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து பிரியும் குறுக்குத் தெரு. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். 1993, மார்ச் மாதம்.

"வாங்கோ தம்பி, நனைஞ்சு போனியள். சப்பாத்துக் கழட்டத் தேவையில்லை, பரவாயில்லை" என்றார் தவமலர்.

கழற்றினேன்.

அப்போது நான் ஓர் ஆய்வில் வேலை செய்துகொண்டிருந்தேன். நடத்தியவர் டாக்டர் சூப்ராயன். மொரீஷியஸ் தமிழ்ப் பெண்மணி; சூப்ராயன் குடும்பப் பெயர். தமிழ் ஒரு சொல் தெரியாது. கரும்பு விளையும் அவருடைய தீவில் சர்க்கரை நோய் ஏன் இப்படிப் பரவியது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்த குழுவில் இருந்தவர். இப்போது இன்னொரு தீவான இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அறிய விரும்பினார். என் வேலை எளிது. ஒரு வீட்டில் போய் உட்கார வேண்டும். தட்டில் விழுவதைச் சாப்பிடும் முன் நிறுக்க வேண்டும். மிஞ்சியதையும் நிறுக்க வேண்டும். சாப்பிடக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது.

"நீ அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியக்கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மேசையில் ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, முட்டைப் பொரியல், கீரை, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயசம். ஒவ்வொன்றாக நிறுத்தேன். தராசின் மேல் வடை வைத்தபோது எண்ணெய் கண்ணாடித் தட்டில் வட்டமாக ஒட்டியது. தவமலர் உடனே ஓடிப்போய்த் துணி எடுத்து வந்து துடைத்தார்.

"இது தினமும் சமைக்கறதா அக்கா?"

"ஓம். இதுதான் நாங்கள் சாப்பிடுறது."

அவருடைய கணவர் செல்வரத்தினம் மேசையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். நாற்பதைக் கடந்த, தோள் அகன்ற மனிதர். சிரிக்கும்போது வயிறும் சேர்ந்து சிரிக்கும்.

"ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்" என்றார். "நீர் நாளைக்கும் வாரும்."

"தம்பி மச்சம், இறைச்சி சாப்பிடுவீங்களோ?" என்று தவமலர் கேட்டார்.

"சாப்பிடுவேன். ஆனா இங்க நான் சாப்பிடக்கூடாது அக்கா. எடை போட மட்டும்தான்."

"அதென்ன கதை? ஒரு ஆள் பசிச்ச வயித்தோட பாத்துக்கொண்டிருக்க நாங்கள் வாயிலை வைக்கிறதோ?"

இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் சாப்பிடாத வரை யாரும் சோற்றைத் தொடவில்லை. கறியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆவி போனால் எடை குறையும். சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்கு நடுவில் செல்வரத்தினம் தன் நிலவரத்தைச் சொன்னார். ஊரில் இ.போ.ச. என்ற அரசாங்க பஸ் ஓட்டியவர். இங்கே வந்து ஆண்டுக்கணக்காக ஒரு வான் வண்டியில் தமிழ்ப்பட வீடியோ கசட்டுகளை வீடு வீடாக வாடகைக்குக் கொடுத்துவருகிறார். இப்போது பஸ் ஓட்டப் பழகி, சோதனையும் பாஸ்பண்ணிவிட்டார். டபுள் டெக்கர். மெடிக்கல் மட்டும் மிச்சம்.

"சீனி வருத்தம் இருக்கு. அதுக்குக் குளிசை, மாத்திரை போடுறன். குளிசையோட நிண்டால் பஸ். இன்சுலின் ஊசிக்குப் போனால் பஸ் இல்லை. ஊசி போடுறவைக்கு லைசென்ஸ் குடுக்கமாட்டினம். அவ்வளவுதான் கதை."

"எப்ப மெடிக்கல்?"

"மே மாசம்."

"பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்றார் தவமலர். என்னிடம் கேட்டார். இரண்டு கிண்ணத்திலும் விட்டார்.

யூஸ்டன் பக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் டாக்டர் சூப்ராயன் என் முதல் வாரத்து எண்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வீட்டில் என்ன, கல்யாணமா?"

"இல்லை டாக்டர். என்னால்தான்."

சத்தமாகச் சிரித்தார். "எங்கள் ஊரிலும் இதேதான். நிறுக்கப் போன வீட்டிலெல்லாம் பிரியாணி. அப்படியே எழுதியிருந்தால் மொரீஷியஸ் மக்கள் பிரியாணியில் வாழ்கிறார்கள் என்று உலகம் நம்பியிருக்கும். என் அம்மா வீட்டுக்கு நானே தராசோடு போனேன். அவளும் பிரியாணி வைத்தாள். பெற்ற மகளிடமே பொய்."

"அப்புறம் என்ன செய்தீர்கள்?"

"திரும்பத் திரும்பப் போனோம். கொஞ்ச நாளில் அலுத்துப் போய்ப் பருப்பும் கீரையும் வைத்தார்கள். உன் ஆட்களும் அலுத்துப் போவார்கள்."

"யாழ்ப்பாணத்துக்காரர்கள் டாக்டர். அலுக்க மாட்டார்கள்."

அலுக்கவில்லை. அடுத்த வாரம் நண்டு வந்தது. அதற்கடுத்து இடியப்பமும் சொதியும், மீன் பொரியலும், உழுத்தம்மாப் பலகாரமும் வந்தன. தவமலர் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு சான்ட்விச் பக்டரியில் காலை ஷிப்ட் வேலை செய்பவர். தலைக்கு வலை போட்டுக்கொண்டு குளிர் அறையில் நின்று ரொட்டிக்கு மேல் ரொட்டி வைப்பவர். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே வெங்காயம் வெட்டத் தொடங்குவார். எனக்காக.

ஒரு நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, கலியாணம் கட்டியாச்சோ?"

"கட்டினேன் அக்கா. போன வருஷம் இறந்துட்டாங்க."

கரண்டி நின்றது.

"என்ன வருத்தம்?"

"மூளைக் காய்ச்சல்."

"இஞ்சையோ?"

"இல்ல, திருச்சியில. நான் இங்க இருந்தேன்."

என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன்.

"ராவிலை என்ன சாப்பிடுறியள்?" என்றார்.

"ப்ரெட்."

"காலமை?"

"ப்ரெட்."

"மத்தியானம்?"

யோசிக்க வேண்டியிருந்தது.

"இந்த வீட்டிலை ஆரை நிறுக்க வேணுமெண்டு எனக்கு விளங்கியிட்டுது" என்றார். நான் போகும்போது ஐஸ்கிரீம் டப்பாவில் கறி கட்டித் தந்தார். அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அதில் வேறு ஏதாவது போட்டுத் தருவார். டப்பா வெறுமையாக இருந்ததே இல்லை.

மார்ச் முடிவதற்குள் விஷயம் வந்தது. கிளினிக்கில் செல்வரத்தினத்தின் சர்க்கரை ஏறியிருந்தது. இப்படியே போனால் ஊசிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அன்று நான் போனபோது அடுப்பில் ஒன்றும் இல்லை. தவமலர் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ளை வாங்கோ. ஒண்டு கதைக்க வேணும்."

போனேன்.

"நீங்கள் வரத் துவங்கினாப் பிறகுதான் இவருக்குக் கூடினது."

"தெரியும் அக்கா. நீங்க எனக்காகச் சமைக்கறீங்க. அண்ணன் எனக்காகச் சாப்பிடறாரு."

"நான் எனக்காகவும்தான் சாப்பிட்டனான்" என்றார் செல்வரத்தினம், சோபாவில் இருந்து.

"நீங்கள் வாயை மூடுங்கோ. அந்த வாயாலைதான் இவ்வளவும் வந்தது."

"நான் இனிமே வரலை அக்கா. வேற வீடு பாத்துக்கறேன்."

"வேறை வீட்டிலை மட்டும் பழஞ்சோறே வைப்பினம்? அங்கையும் ஒரு மனுசன் இருப்பான், அவனுக்கும் சீனி ஏறும். ஊர் முழுக்க ஏத்திப்போட்டுத்தான் போவீங்கள்."

நியாயமாக இருந்தது. அவர் மேல் அலுமாரியைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்தார். சிங்க் அடியில் இருந்து திருவலையை இழுத்தார். இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

"இதிலை இருந்து திருவும். விருந்துக்கு வாற ஆள் ஒருநாளும் தேங்காய் திருவிறேல்லை."

தரையில் உட்கார்ந்தேன். நான் தேங்காய் துருவியதில்லை. திருச்சியில் அம்மா துருவுவார், பிறகு என் மனைவி துருவினாள். துருவலோடு ஓட்டின் கறுப்பும் வந்தது.

"பாருங்கோ, இவர் எங்கடை சம்பலுக்குச் சிரட்டை போடுறார்" என்றார் தவமலர். செல்வரத்தினத்தின் வயிறு குலுங்கியது.

அன்றிலிருந்து தவமலருக்கும் நான் 'நீர்' ஆனேன். விருந்தாளிக்குச் சொல்லும் 'நீங்கள்' போய்விட்டது. வெங்காயம் உரித்தேன், குப்பை கொண்டுபோய்ப் போட்டேன். மேசைக்கு அவர்கள் உண்மையில் சாப்பிடுவது வந்தது. கேழ்வரகில் செய்த குரக்கன் புட்டு ஒரு பிடி, நேற்றைய பருப்பு, கொஞ்சம் சம்பல், அவித்த கோவா என்கிற முட்டைக்கோஸ். செல்வரத்தினத்துக்கு வீட்டில் சீனி போடாத தேத்தண்ணி. என் தராசு நிமிர்ந்து மூச்சுவிட்டது போல இருந்தது. டாக்டர் சூப்ராயன் மகிழ்ந்துபோனார்.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு, குளிசையும் ஒழுங்காகப் போடுகிறவருக்கு, அடுத்த சோதனையிலும் சர்க்கரை இறங்கவே இல்லை. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை பார்த்தால் இன்னும் கூடியிருந்தது.

"களவாச் சாப்பிடுறீங்களோ?" என்று தவமலர் கேட்டார்.

"அம்மாளாச்சி அறிய, வெளியிலை ஒரு பருக்கை வாயிலை வைக்கிறேல்லை."

"றோல்ஸ்?"

"இல்லையப்பா."

தவமலர் வானைச் சோதித்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தார். மிக்சர் பை ஒன்றும் இல்லை. ஒரு பழைய குடையும் யாரோ திருப்பித் தந்த சாமிப்படக் கசட் ஒன்றும்தான் கிடைத்தன.

"அப்ப காத்துக் குடிச்சே ஏறுது?" என்றார்.

வீட்டில் மட்டும்தான் நிறுக்க வேண்டும் என்று ஆய்வில் இல்லை. "சனிக்கிழமை நானும் வண்டியில வரட்டுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"வாரும். தனிய ஓடி அலுத்துப்போச்சு. கசட்டைத் தூக்க ஒரு ஆளும் ஆச்சு."

சனிக்கிழமை வெயில் அடித்தது. வானின் பின்புறம் பிளாஸ்டிக் பெட்டிகளில் கசட்டுகள். புதுப்படம் ஒரு பெட்டி, பழைய படம் ஒன்று, சாமிப்படம் ஒன்று, சிரிப்புப் படம் ஒன்று. எந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். "இந்த வீட்டிலை கிழவி சாகிற படம் குடுக்கக் கூடாது, மனுசி மூண்டு நாள் அழும்" என்பார்.

முதல் வீடு பரமேஸ்வரன் என்பவருடையது. அவரே வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்."

டின்னில் வரும் இனிப்பான ரின்பால் விட்ட தேத்தண்ணி வந்தது. கரண்டி நேராக நிற்கும் போல இருந்தது. செல்வரத்தினம் குடித்தார், நல்லாயிருக்கு என்றார், கசட் கொடுத்தார், எழுந்தார். அடுத்த வீடு கனகாம்பிகை. தேத்தண்ணி, கூடவே பிஸ்கட். அடுத்த வீட்டில் தேத்தண்ணி. அதற்கடுத்த வீட்டில் பிள்ளைக்குப் பல்லு முளைத்திருந்தது, அதனால் கொழுக்கட்டை. கொழுக்கட்டையை மட்டும் அவர் தொடவில்லை. "நான் வெளியிலை சாப்பிடுறேல்லை" என்று நிமிர்ந்து சொன்னார். தேத்தண்ணியைக் குடித்தார்.

எமில்டா ரீச்சர் வீட்டில் நான் குசினிக்குள் போனேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மகள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாக இருப்பார்.

"ரீச்சர், இந்தச் சர்க்கரையை நிறுத்துப் பாக்கலாமா?"

"சீனியையோ? ஏன், கடைக்காரன் குறைச்சுப்போட்டானோ?"

"இல்ல, ஒரு கப்புக்கு எவ்வளவு போடறீங்கன்னு."

"நாலு கரண்டி" என்றார். நாலும் குவியல். "ஒரு கரண்டி போட்டுக் குடுத்தால் என்ன நினைப்பார்? ரீச்சருக்கு என்னிலை மதிப்பில்லை எண்டெல்லோ நினைப்பார்."

தராசில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். நாலுக்குக் குறைந்து யாரும் போடவில்லை. ஒரு வீட்டில் ஐந்து. அங்கே மதிப்பு அதிகம்.

மத்தியானம் கடைசி வீடு முடிந்து வானில் ஏறியதும் கூட்டிப்பார்த்தேன்.

"அண்ணா, இன்னிக்குக் கால் கிலோவுக்கு மேல சர்க்கரை சாப்பிட்டிருக்கீங்க."

அவர் பாதையோரமாக வானை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா கதைக்காதையும். நான் எங்கை சாப்பிட்டனான்?"

"டீயில."

"தேத்தண்ணி சாப்பாடே?"

"அதுல சர்க்கரை இருக்கே."

"அது அவையின்ரை தேத்தண்ணியெல்லோ தம்பி. நானே கேட்டுக் குடிச்சனான்? அவை மரியாதைக்குத் தாறது, நான் மரியாதைக்குக் குடிக்கிறது. அதையும் என்ரை கணக்கிலை போடுவீரோ?"

நடிக்கவில்லை. அவர் வாழ்ந்த அத்தனை வருஷத்திலும் அடுத்தவர் வீட்டுத் தேத்தண்ணி அவருடைய வயிற்றுக்குள் போனதாக அவர் நினைத்ததே இல்லை. அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"கால் கிலோவோ?" என்றார்.

"மேல."

"மலருக்கு என்னெண்டு சொல்லுறது?"

சொன்னார். தவமலர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சை நான் குரக்கன் புட்டைக் கோழிக்குஞ்சுக்குப் போடுற மாதிரிப் போடுறன். அங்கை இவர் வீட்டுக்கு வீடு சீனிப்பாணி குடிச்சுக்கொண்டு திரியிறார். இனி ஒருத்தரிட்டையும் குடியாதேங்கோ. வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"வேண்டாமெண்டு என்னெண்டு சொல்லுறது?"

"வேண்டாமெண்டு சொல்லுறதுதான்!"

அடுத்த சனிக்கிழமை சொன்னார். நான் கூட இருந்தேன். பரமேஸ்வரனின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கனகாம்பிகை இரண்டு தரம் கேட்டார், மூன்றாம் தரம் கேட்கவில்லை. நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தவமலர் போனைக் காதில் வைத்தபடி கண்ணால் கணவரை எரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லையண்ணை... கோவமில்லையண்ணை... ஐயோ, கசட்டைத் திருப்பிச் சுத்தாமல் தந்ததுக்கு ஆரும் கோவிப்பினமோ?"

வைத்தார். மறுபடி அடித்தது.

"ஓம் அக்கா... பெட்டையின்ரை சாமத்தியச் சடங்கிலை பின்வரிசையிலை இருத்தினதோ? அதை அவர் அண்டைக்கே மறந்திட்டார்... இல்லை, நான்தான் மறக்கேல்லை... சும்மா பகிடிக்குச் சொன்னனான் அக்கா..."

வரிசையாக வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் தாங்கள் செய்த ஏதோ ஒரு பிழையைத் தாங்களே கண்டுபிடித்திருந்தார்கள். நாங்கள் அறியாத பிழைகளெல்லாம் வெளியே வந்தன. இரண்டு வீட்டார் இனிக் கசட் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

"உண்மையைச் சொன்னால் என்ன?" என்று கேட்டேன்.

"எனக்குச் சீனி எண்டு ஒருத்தருக்குச் சொன்னால் பின்னேரம் வட லண்டன் எட்மண்டனிலை கதைப்பினம்" என்றார் செல்வரத்தினம். "பஸ் கராஜிலை அரைவாசி எங்கடை ஆக்கள். ஓட முதலே வருத்தக்காரன் எண்டு பேர் எடுக்கிறதோ? குளிசையோட நிண்டு, பாஸ்பண்ணி, யூனிபோம் போட்டாப் பிறகு ஆரும் எதையும் கதைக்கட்டும்."

மெடிக்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. தவமலர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் எதையாவது மடிப்பார். அன்று துவாய்களையெல்லாம் மடித்து முடித்தார்.

"வாற சனிக்கிழமை நானும் வாறன்" என்றார்.

திட்டம் இதுதான். செல்வரத்தினம் ஸ்டீயரிங்கை விட்டு எழும்பக் கூடாது. எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராது என்று சொல்ல வேண்டும். வாசல்படிக்குப் போய் கசட் கொடுப்பது தவமலர். பெட்டி தூக்குவது நான். யாரும் வீட்டுக்குள் போவதில்லை, அதனால் தேத்தண்ணியும் இல்லை.

முதல் மூன்று வீட்டில் நன்றாகவே போனது. நாலாவது வீட்டில் பெண் கப்போடு வானுக்கே வந்துவிட்டார். "பாவம் அண்ணை, இறங்கவும் ஏலாமல்." கண்ணாடி வழியாகக் கப் உள்ளே போனது. தவமலர் எட்டிப் பறித்துத் தானே மளமளவென்று குடித்தார். "எனக்குத்தான் சரியான தாகம்." ஐந்தாவது வீட்டிலும் அதே தாகம். ஆறாவது வீட்டில் என்னைப் பார்த்தார். அதை நான் குடித்தேன்.

மழை தொடங்கியது. எமில்டா ரீச்சர் வீட்டு வாசலில் நாங்கள் நிற்பதற்கு முன்பே அவர் வெளியே வந்துவிட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் தட்டம். தட்டத்தில் மூன்று கப். செருப்பு இல்லாமல் ஈரத்தில் நடந்து வந்தார். எழுபது வயது.

"எஞ்சின் பழுதெண்டு போன்லை சொன்னவை. அதுதான் நான் கொண்டு வந்திட்டன்."

செல்வரத்தினம் கையை நீட்டினார். அவரால் நீட்டாமல் இருக்க முடியவில்லை.

"ரீச்சர், குடுக்காதேங்கோ!" என்றார் தவமலர். தெரு முழுக்கக் கேட்டது. "இவருக்குச் சீனி! பஸ் மெடிக்கல் வருது. ஏறினால் ஊசி, ஊசியெண்டால் பஸ் இல்லை. நீங்கள் நாலு கரண்டி போடுறீங்கள் ரீச்சர், நாலு! என்ரை மனுசன் பஸ் ஓட வேணும்!"

அழுதுவிட்டார். செல்வரத்தினம் சீட்டுக்குள் அமிழ்ந்து போனார். வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

எமில்டா ரீச்சர் தட்டத்தை வானின் முன்மூடி மேல் வைத்தார்.

"இதை முதலே சொல்லுறதுக்கென்ன?" என்றார். "எனக்கும்தான் சீனி. பதினைஞ்சு வருசமா. நான் சீனி போட்டுக் குடிக்கிறேல்லை. இந்த வீட்டிலை சீனி வாங்கிறதே உங்களுக்காகத்தான் செல்வரத்தினம். வாறவைக்கு வெறும் தேத்தண்ணி குடுக்கிறதோ எண்டு வாங்கி வைக்கிறன்."

"எனக்காகவோ?" என்றார் செல்வரத்தினம்.

"வேறை ஆர் இஞ்சை வருகினம்?"

பிறகு ரீச்சர் மூன்று கப்பையும் ஒவ்வொன்றாகச் சாக்கடையில் ஊற்றினார். மழைத்தண்ணீரில் பால் கலந்து ஓடியது. உள்ளே போய் வேறு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் வானுக்குள் இருந்து குடித்தோம். கசப்பாக இருந்தது.

பின்னேரம் எட்மண்டனில் கதைத்தார்கள். செல்வரத்தினம் சொன்னது சரிதான். ஆனால் கதைத்த விதம் வேறு. அடுத்த வாரம் பரமேஸ்வரன் கதவைத் திறந்ததும் காதோடு, "அண்ணை, எனக்கும் இருக்கு. மனுசிக்குத் தெரியாது" என்றார். மனைவி குசினியில் இருந்து, "எனக்குத் தெரியும். எனக்கும் இருக்கு" என்று சத்தம் போட்டார். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் யாரோ ஒருவர் குளிசை டப்பாவை அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். கசட் வேண்டாம் என்ற இரண்டு வீட்டாரும் சமாதானமாகி, புதுப்படம் இரண்டு கேட்டார்கள்.

செல்வரத்தினம் தப்பவில்லை. சீனித் தேத்தண்ணி போய் வைத்தியம் வந்தது. ஒரு வீட்டில் பாகற்காய்ச் சாறு. ஒரு வீட்டில் ஊறவைத்த வெந்தயம். கனகாம்பிகை எதையோ பச்சையாக அரைத்து வைத்திருந்தார், பெயர் சொல்லவில்லை.

"முந்தின வருத்தம் நல்ல ருசியா இருந்தது தம்பி" என்றார் செல்வரத்தினம், வானுக்குள் வந்து.

எங்கள் ஆய்வுக்கு ஆள் கிடைக்காமல் இருந்த காலம் போய், எப்போது நிறுக்க வருவீர் என்று கேட்கத் தொடங்கினார்கள். டாக்டர் சூப்ராயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மேசை போட்டு விரல் குத்தி இரத்தம் பார்த்தார். வரிசை வாசல் தாண்டி நின்றது. அவர் பெயரைக் கேட்டு எல்லோரும் தமிழில் பேசினார்கள், அவர் கையை விரித்தார். பரமேஸ்வரன், "சுப்பராயன் எண்டு பேர் வைச்சுக்கொண்டு தமிழ் தெரியாதோ?" என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"எங்களைக் கப்பலில் ஏற்றியவன் பெயரை மட்டும்தான் எழுதிக்கொண்டான் என்று சொல்" என்றார் டாக்டர். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "எங்கள் தீவில் அரசாங்கமே தலையிட்டுச் சமையல் எண்ணெயை மாற்றியது. அதற்கு மந்திரிகள் கூட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே இத்தனை வீட்டுத் தேநீரை மாற்றியது எந்த மந்திரி?"

எல்லோரும் எமில்டா ரீச்சரைக் காட்டினார்கள். ரீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு விரல் குத்தத் தேவையில்லை. நான் கணக்கா இருக்கிறன்" என்றார். குத்திப் பார்த்தார்கள். கணக்காகத்தான் இருந்தது.

மெடிக்கல் அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். வேலை இல்லை, சும்மா போயிருந்தேன். தவமலர் லீவு போட்டிருந்தார். மடிக்கத் துணி தீர்ந்துபோய், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பதினொரு மணிக்கு வர வேண்டியவர் ஒரு மணி ஆகியும் வரவில்லை.

வந்தபோது கதவை மெதுவாகத் திறந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டினார். உட்கார்ந்தார்.

"என்ன, சொல்லுங்கோவன்" என்றார் தவமலர்.

"சிறுநீரைப் பாத்தார். இரத்தத்தைப் பாத்தார். கிளினிக் காயிதத்தைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார்."

"பிறகு?"

"கண் கொஞ்சம் மங்கலாம். கண்ணாடி போடட்டாம்."

"கண்ணாடியோ?"

"கண்ணாடி போட்டால் பஸ். குளிசை போதுமாம். ஊசி தேவையில்லை." இப்போதுதான் வயிறு சிரித்தது. "கண்ணாடிக் கடைக்குப் போனன். அதுதான் பிந்தியிட்டுது."

தவமலர் மடித்த துவாயால் அவருடைய தோளில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜூன் மாதம் ஒரு காலை. ஆறரை மணிக்கே வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. பார்க்கிங் போகும் பஸ் நிற்கும் இடத்தில் தவமலர் சாப்பாட்டுப் பையோடு நின்றார். அதே பகுதியில் இருந்த என் அறையிலிருந்து பால் வாங்க இறங்கிய நான், அவரைப் பார்த்து நின்றேன்.

"முதல் நாள் தனிய ஓடுறார்" என்றார். "நான் ஒண்டும் சொல்லாமல் வந்து நிக்கிறன். தெரியாது அவருக்கு."

சிவப்பு டபுள் டெக்கர் வளைந்து வந்து எங்கள் முன்னால் அலுங்காமல் நின்றது. கதவு திறந்தது. புதுச் சட்டை, புதுக் கண்ணாடி. செல்வரத்தினம் மனைவியைப் பார்த்தார். பார்த்தும் முகம் மாறவில்லை.

"குட் மோர்னிங் மேடம். எங்கை போறீங்கள்?"

"பார்க்கிங்" என்றார் தவமலர், அதே முகத்தோடு. காசு கொடுத்தார். கணவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"மிச்சம் தாங்கோ ட்ரைவர்."

மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். தவமலர் அதைச் சரிபார்த்துவிட்டுப் போய், அவருடைய தலையின் பின்புறம் தெரியும் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நானும் ஏறியிருந்தேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை.

"நீங்கள் எங்கை, சேர்?" என்றார் செல்வரத்தினம்.

சட்டைப்பையில் பாலுக்கு எடுத்த காசு இருந்தது. அதை வைத்தேன்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும்" என்றேன்.